ஐந்து சென்ட் உருளை: செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஒரு நிகழ்வு ஆய்வு

மண்ணுக்குள் போட்ட விதைக்கிழங்கு 68 கிலோ. தை மாதம் தோண்டி எடுத்தது 41 கிலோ. போட்டதைக்கூடத் திருப்பிக் கொடுக்காத வெள்ளாமை என்று பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சாக்கைத் தூக்கித் திண்ணையில் வைத்தார். ஊரில் எல்லோரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: "ஊட்டியில வெளையிறத காரக்குடி வெயில்ல போட்டா இப்படித்தான் ஆகும்."

அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. அந்த ஆண்டு நடந்ததற்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. இது தெரிய எங்களுக்கு ஒரு மாதமும், சரிசெய்ய இரண்டு ஆண்டும் ஆயிற்று. சரிசெய்த பிறகுதான் வெயில் என்ற நிஜமான தடை கண்ணுக்குத் தெரிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் சில ஆண்டுகள் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். இந்த வயலில் எனக்கு ஆலோசகர் பதவியெல்லாம் இல்லை, தம்பி பதவிதான்.

வயல்

கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் நடுவில் 40 சென்ட் கிணற்றுப் பாசனக் கொல்லை. மேலே சரளை கலந்த செம்மண். தோண்டிக்கொண்டே போனால் செம்புராங்கல். இந்தப் பக்கத்து ஊருணிப் படித்துறைகளுக்கும் கொல்லைச் சுவர்களுக்கும் வெட்டி எடுத்த அதே கல்தான். ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் கனத்த மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் கிணறுதான் கதி.

பல வருடமாக அந்தக் கொல்லையில் மிளகாயும் கத்தரியும் மாறி மாறி வந்தன. இடையில் ஒரு போகம் தக்காளி. அண்ணனைக் கேட்டால் "பயிர் மாத்தித்தானே போடுறேன்" என்பார். பெயர் மாறியது உண்மை, குடும்பம் மாறவில்லை. அது பிறகு.

2021 ஐப்பசியில் அவருக்கு உருளை ஆசை வந்தது. கல்யாண வீட்டுச் சமையலுக்கு இங்கே உருளை மூட்டை மூட்டையாக இறங்குகிறது, எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டி வழியாகவோ வடக்கிலிருந்தோ வருகிறது, நம்ம கொல்லையில் ஐந்து சென்ட் போட்டால் என்ன என்பது அவர் கணக்கு. நியாயமான கேள்விதான். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குக் கொண்டுவந்தபோது அங்கேயும் அது வந்தேறிப் பயிர்தானே.

முதல் நடவு

மண்டியில் சமையலுக்கு வந்த கிழங்கையே விதையாக வாங்கினார். பெரிய கிழங்குகளை அரிவாள்மனையில் இரண்டாக, மூன்றாக நறுக்கினார். டிராக்டரில் ரோட்டவேட்டர் இரண்டு ஓட்டு ஓட்டி, மேலே மாவு மாதிரி ஆன மண்ணை வரிவரியாக மேடாக்கி அரை அடிப் பார் பிடித்து ஐப்பசி 20 வாக்கில் நட்டார். எரு ஒரு வண்டி. அடியுரம் ஒரு மூட்டை டிஏபி.

அந்த நவம்பர் தமிழ்நாடு முழுக்க வெளுத்து வாங்கிய மழை பலருக்கு நினைவிருக்கும். பார் கரைந்து தரையோடு தரையானது. தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு வெயில் அடித்ததும் மேல்மண் அப்பளம் போல ஆடை கட்டியது. அதையும் கிழித்துக்கொண்டு செடி வந்தது, நன்றாகவே வந்தது. முழங்கால் உயரம் வரும்போது, கார்த்திகை நடுவில், ஒரு நாள் மதியம் நாலைந்து செடி சொக்கி நின்றது. சாயங்காலம் தெளிந்தது. மறுநாள் மதியம் பத்துச் செடி. மூன்றாம் நாள் சாயங்காலம் அவை தெளியவில்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே வெந்நீர் ஊற்றினாற்போல் தொங்கியது.

"தண்ணி பத்தலையோ" என்று அண்ணன் இன்னொரு பாய்ச்சல் விட்டார். அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல. வாய்க்கால் போன வழியிலேயே வாடல் இறங்கியது.

ஒரு டம்ளர் தண்ணீர்

நான் போனது அந்த வாரம்தான். சொக்கிய செடி ஒன்றைத் தரைமட்டத்தில் அறுத்து, இரண்டு அங்குலத் துண்டு எடுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, துண்டின் அடிமுனை மட்டும் தண்ணீரில் படும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டேன். டம்ளரைத் திண்ணை ஓரத்தில் வெளிச்சத்துக்கு எதிரே வைத்தோம். அண்ணி, அப்பத்தா, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை ஒன்று கீழே இறங்கியது. சாம்பிராணிப் புகை தலைகீழாக இறங்குவது போல மெதுவாக, ஆடாமல். இன்னொன்று. கால் மணி நேரத்தில் டம்ளரின் அடி பால் கலந்த தண்ணீர் ஆனது. அந்த இழை முழுக்க பாக்டீரியா. ரால்ஸ்டோனியா என்று பெயர். தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுவதால்தான் ஈரத்தில் நிற்கும் செடி தாகத்தில் செத்தது. பூஞ்சாண வாடல் என்றால் இலை அடியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வரும், டம்ளரில் இழை இறங்காது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கத்தரி, தக்காளி போடும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

"பால் மாதிரில்ல வருது," என்றார் அப்பத்தா. "போன வருசம் கத்தரியும் இப்படித்தான் அப்பு சொக்கி விழுந்துச்சு. இவன் வேர்ப்புழுன்னு மருந்து வாங்கி ஊத்துனான்."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி ஆய்வு முடிந்துவிட்டது.

விதையா, மண்ணா

ஆனாலும் கேள்வி ஒன்று மிச்சம். இந்த நோய் விதைக்கிழங்குக்குள்ளேயே ஒளிந்து வரும், மண்ணிலும் பல வருடம் இருக்கும். நம் வயலுக்கு எந்த வழியாக வந்தது? விதை வழி என்றால் நல்ல விதை வாங்கினால் போதும். மண் வழி என்றால் எந்த விதை வாங்கியும் பயனில்லை.

ஒரு சாட்சி வீட்டிலேயே இருந்தது. அதே சாக்கில் மிஞ்சிய சின்னக் கிழங்கு எட்டை அண்ணி பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் ஆற்று மணலும் எருவும் போட்டு ஊன்றியிருந்தார். எட்டில் ஏழு செடி ஜம்மென்று நின்றது. அண்ணன் உடனே "அப்ப வெதை நல்ல வெதைதான்" என்றார். எனக்கு முழுத் திருப்தி இல்லை. அண்ணி முழுக்கிழங்காக ஊன்றினார். அண்ணன் வெட்டி நட்டார். நோயுள்ள ஒரு கிழங்கை வெட்டிய அரிவாள்மனை அடுத்த ஐம்பது கிழங்குக்கும் அதைத் தடவிவிடும். ஆகவே தொட்டிச் சாட்சி பாதிச் சாட்சி.

பிறகு செய்தது இது. பால் பாக்கெட் கவர் பன்னிரண்டு. ஆறில் உருளைப் பாத்தி மண். ஆறில், நெடுநாளாகக் கேழ்வரகு மட்டும் கண்ட பக்கத்துக் காட்டு மண். பன்னிரண்டிலும் ஒரே நாற்றங்காலில் பிடுங்கிய தக்காளி நாற்று, வேர் நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு. நோய் உள்ளே நுழைய வாசல் வேண்டும் அல்லவா. இருபது நாளில் உருளை மண் கவரில் ஐந்து செத்தது. கேழ்வரகு மண்ணில் ஆறும் உயிரோடு இருந்தது.

மண்தான். விதை வழியாகவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உருளை வருவதற்கு முன்பே அந்த மண் நோய் பிடித்த மண். மிளகாய், கத்தரி, தக்காளி, உருளை நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கத்தரியை எடுத்துவிட்டு மிளகாய் போடுவது, அண்ணனைப் போகச் சொல்லிவிட்டுத் தம்பியைப் பந்தியில் உட்காரவைப்பது. இலை காலியாகவே ஆகாது.

அந்த வம்சத்தில் இன்னும் இரண்டு பேர் வரப்பில் இருந்தார்கள்: சுண்டைச் செடி ஒன்று, மணத்தக்காளி ஒரு புதர். வத்தல் போட அப்பத்தா வளர்த்தது. களையாக முளைத்த மணத்தக்காளி இந்த நோய்க்கு நல்ல சத்திரம். ஊமத்தையும் அப்படித்தான். வயலில் நாலு வருடம் கேழ்வரகு போட்டு வரப்பில் மணத்தக்காளி வளர்த்தால், முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த கதை. இதை அப்பத்தாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. நான்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடிமண்

தோண்டி எடுத்த 41 கிலோவில் இன்னொரு செய்தி இருந்தது. பாதிக்கு மேல் கிழங்கு ஒருபக்கம் தட்டை, சில கிழங்கில் சரளைக்கல் பதிந்த பள்ளம். நோய் இல்லாத செடியிலும் அப்படித்தான். மழை பெய்து மூன்றாம் நாள் அரை அங்குல இரும்புக் கம்பியை வயலில் பத்து இடத்தில் அழுத்திப் பார்த்தோம். ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில் எல்லா இடத்திலும் டக்கென்று நின்றது. வருடா வருடம் ரோட்டவேட்டர் அதே ஆழத்தில் ஓடி, மேலே மாவும் கீழே தரையுமாக ஆக்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் நின்றது அதனால்தான். நோய் பரவியதும் அந்த நின்ற தண்ணீரால்தான்.

அடி போன பழைய எண்ணெய் டின் ஒன்றை மண்ணில் நாலு விரற்கடை அமுக்கி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். மண்ணுக்குள் இறங்க 47 நிமிடம். இந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டோம்.

மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.6, அங்ககக் கரிமம் 0.3 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. இதில் ஒரு நகைமுரண் உண்டு. உருளைக்குப் பிடித்த நிலை ஏறத்தாழ 5.2-லிருந்து 6.4 வரை. லேசான புளிப்பு மண்ணில் தோலில் சொறி குறைவாகத்தான் வரும். அதாவது மண்ணின் குணம் உருளைக்கு ஏற்றது, மண்ணின் நிலைமைதான் ஏற்றதில்லை. அதனால்தான் சுண்ணாம்பு போடச் சொன்ன யோசனையை நான் ஒதுக்கினேன். செம்மண்ணின் மேலாடை இறுக்கத்துக்குச் சுண்ணாம்பு நல்ல வைத்தியம்தான், ஆனால் உருளைக்குச் சொறியை அழைத்துவரும். மக்கிய தென்னை நார்க்கழிவும் எருவும் அதே வேலையைச் செய்யும்.

கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையை அடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நிலக்கடலைக்கும் நெல்லுக்கும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் கரம்பை காய்ந்தால் கட்டியாகும். கிழங்கு பெருப்பதற்கு மண் விலகிக் கொடுக்க வேண்டும், கட்டி விலகாது. கரம்பையைக் கொல்லையின் மறு பாதிக்கு மட்டும் அடித்தோம்.

இரண்டு ஆண்டு

2022 மாசியில் காய்ந்த மண்ணில் உளிக்கலப்பை. ஈரத்தில் ஓட்டினால் கோடு மட்டும் விழும், காய்ந்திருந்தால்தான் அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும். ஐந்து சென்டுக்கு எந்த டிராக்டரும் வராது என்பதால் 40 சென்டுக்கும் ஓட்டினோம், ஒன்றரை அடி இடைவெளியில் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை. ஓட்டும்போது செம்புராங்கல் துண்டு நிறைய மேலே வந்தது. அதைப் பொறுக்கி வரப்பில் அடுக்கியதில்தான் பாதி நாள் போயிற்று.

பங்குனியில் கிடை, அதாவது எருவுக்காக ஆடுகளை ராத்திரி வயலில் படுக்கவைப்பது. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி ஒருவர் செம்மறி நூற்றைம்பதோடு வந்திருந்தார். இரண்டு ராத்திரி எங்கள் கொல்லையில் படுத்தன. கிடை போட்ட மறுநாளே மேலோட்டமாக உழுது மூடிவிட வேண்டும், இல்லையென்றால் வெயில் பாதிச் சத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அண்ணன் அன்று சரியாகச் செய்தார்.

வைகாசியில் கோடை மழைக்குச் சணப்பை என்ற பசுந்தாள் உரப்பயிர். நாற்பத்தைந்து நாளில் பூ எடுத்ததும் மடக்கி உழுதோம். சணப்பை தழைச்சத்து தருவதோடு வேர்முடிச்சு நூற்புழுவையும் அடக்கும், தக்கைப்பூண்டைவிட இங்கே அதை விரும்பினதற்கு அது ஒரு காரணம். தக்கைப்பூண்டு தண்ணீர் நிற்கும் நெல் வயலுக்கு ஏற்றது. மடக்கிய பிறகு மூன்று வாரம் சும்மா விட்டு ஆடியில் கேழ்வரகு. அறுத்த பிறகு மாட்டுக்குச் சோளம். 2023-லும் அதே ஓட்டம், நடுவில் உளுந்து ஒரு போகம். வம்சத்துப் பிள்ளை ஒன்றுகூட இரண்டு வருடம் அந்தப் பக்கம் வரவில்லை.

இரண்டு வருடத்தில் நோய் முற்றாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். புல்லினப் பயிரின் வேரில் அதற்குச் சாப்பாடு இல்லை, எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். 2023 கார்த்திகையில் மறுபடி பன்னிரண்டு கவர், மறுபடி தக்காளி நாற்று. இந்தமுறை ஆறில் ஒன்று செத்தது. டின் சோதனை: 11 நிமிடம்.

நீலகிரிக்காரர்களின் கஷ்டத்தோடு ஒப்பிட்டால் நமக்கு வந்தது சின்ன வியாதி. 1961-ல் அங்கே கண்டுபிடித்த முட்டைக்கூடு நூற்புழுவின் முட்டை, உருளையே போடாவிட்டாலும் இருபது வருடத்துக்கு மேல் மண்ணில் காத்திருக்கும். அங்கே முட்டைக்கோஸ், காரட், பூண்டு, முள்ளங்கி, பீட்ரூட் என்று சுற்றிவிட்டுத்தான் உருளைக்குத் திரும்புகிறார்கள். ஆகவே "ஊட்டியிலேருந்தே வெதை எடுத்துருவோம்" என்று அண்ணன் சொன்னபோது வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மண் ஒட்டிய ஒரு சாக்கு போதும், நம் கொல்லைக்கு அந்த விருந்தாளியும் வந்துவிடுவார்.

இரண்டாம் நடவு

விதை வடக்கிலிருந்து வந்த குஃப்ரி சூர்யா. வெப்பம் தாங்குவதற்காகவே 2006-ல் வெளியிட்ட ரகம். நாற்பது, ஐம்பது கிராம் எடையுள்ள முழுக்கிழங்காகவே கேட்டு வாங்கினோம். கத்தி படவில்லை. பத்து நாள் பட்டாசாலை ஓரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், சாக்கின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பிவைத்தோம். குட்டையான, தடித்த, ஊதாப் பச்சை முளை வந்தது. இருட்டில் வைத்தால் வெள்ளை வெளேரென்று நூல் மாதிரி நீண்டு, நடும்போது ஒடிந்துவிடும்.

பார் இரண்டடி அகலம், முக்கால் அடிக்கு மேல் உயரம், செடிக்குச் செடி ஒரு சாண். பார் அடியில் மக்கிய எருவோடு பாஸ்பரஸ் உரத்தைக் கலந்து வரியாக வைத்தோம், வீசவில்லை. செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வீசினால் மண்ணுக்குப் போகும், எருவுக்குள் வைத்தால்தான் வேருக்குப் போகும். கடைக்கோடியில் வடிகால் ஒன்று வெட்டிப் பக்கத்து ஓடையில் விட்டோம். முதல் ஆண்டு இருபது ரூபாய் வேலையாகத் தெரிந்து செய்யாமல் விட்டது அந்த வடிகால்தான்.

கார்த்திகை கடைசியில் நடுவதாகத்தான் திட்டம். தாமிரபரணியில் வெள்ளம் போன வாரம் அது, எங்கள் பக்கமும் வானம் விடவில்லை. ஒத்திப்போட்டு மார்கழி 7-ம் தேதி நட்டோம். இந்தத் தாமதத்தின் விலை அப்போது தெரியவில்லை.

செடி நின்றது. ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் செடியில் வாடல் வந்தது 31-க்குத்தான். வந்த செடியை மண்ணோடு பெயர்த்து எடுத்து எரித்தோம், அந்தக் குழிக்குத் தண்ணீர் போகாமல் அணை கட்டினோம், அந்த வரிக்குக் கடைசியில்தான் பாய்ச்சினோம். அந்த வரியில் இறங்கிய மண்வெட்டியைக் கழுவாமல் வேறு வரியில் வைக்கக் கூடாது என்று அண்ணன் ஆள்களிடம் சண்டையே போட்டார். முப்பதாம் நாளும் நாற்பத்தைந்தாம் நாளும் மண் அணைப்பு. வெயில் பட்டுக் கிழங்கு பச்சையானால் தின்ன ஆகாது.

மாசி பிறந்ததும் வெயில் ஏறியது. வைக்கோல் பரப்பினோம். நடு மதியத்தில் நாலு விரற்கடை ஆழத்தில் வெறும் மண் 33 டிகிரி, வைக்கோலுக்கு அடியில் 28. ஐந்து டிகிரி சும்மாவா என்று நான் பெருமைப்பட்ட மறுவாரம் வைக்கோலுக்குள் கரையான் கோட்டை கட்டியிருந்தது. செம்மண்ணில் வைக்கோல் போட்டால் கரையானுக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம். வேப்பம் புண்ணாக்குத் தூவிச் சமாளித்தோம்.

மாசி முடிவதற்குள் தழையை அறுத்துவிட்டு, தோல் இறுகப் பத்து நாள் மண்ணுக்குள் விட்டுத் தோண்டினோம். 205 கிலோ. போட்டது 68.

ராத்திரி

இந்திய சராசரி எக்டேருக்கு 24, 25 டன். அந்தக் கணக்கில் ஐந்து சென்டுக்கு 490 கிலோ வர வேண்டும். எங்களுக்கு அதில் பாதிகூட இல்லை. நோய் இல்லை, தண்ணீர் நிற்கவில்லை, கிழங்கு தட்டையாகவும் இல்லை. பிறகு ஏன்?

கிழங்கைப் பரப்பிப் பார்த்தால் பதில் இருந்தது. கோழிமுட்டைக்கு மேல் பெரியது 90 கிலோதான். மீதி எலுமிச்சை அளவும் கோலிகுண்டு அளவும். சில கிழங்கின் தலையில் இன்னொரு கிழங்கு மூக்கு மாதிரி புடைத்திருந்தது. பெருத்துக்கொண்டிருந்த கிழங்கு வெப்பத்தில் நின்று, பாய்ச்சலில் மறுபடி கிளம்பினால் இப்படி ஆகும். செடிகள் என்னவோ இடுப்பளவு வளர்ந்திருந்தன. பகலில் இலை சமைத்ததை ராத்திரி கீழே இறக்கிக் கிழங்கில் சேர்க்க வேண்டும். அதற்கு இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இரவு சூடாக இருந்தால் செடி அதைத் தானே மூச்சில் எரித்துவிடும், அல்லது தழைக்குக் கொடுத்துவிடும்.

திண்ணைத் தூணில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தோம். தையில் விடியற்காலை பெரும்பாலும் 20, 21. ஏழெட்டு நாள் மட்டும் 19. மாசிக் கடைசியில் 23. அதாவது இந்த ஊரில் உருளை ஓரளவாவது ஏற்கும் ராத்திரிகள் மார்கழி நடுவிலிருந்து தை முடிய, சுமார் நாற்பத்தைந்து. அந்த நாற்பத்தைந்தும் கிழங்கு கட்டும் பருவத்தில் விழ வேண்டும். கிழங்கு கட்டத் தொடங்குவது நட்ட முப்பது, முப்பத்தைந்தாம் நாள். மார்கழி 7-ல் நட்டதால் கிழங்கு கட்டவே தை பத்து தாண்டிவிட்டது. பாதி ராத்திரிகள் தழை வளர்ப்பதிலேயே போயின. முன்னாடி நட்டால் ஐப்பசி மழை, பின்னாடி நட்டால் மாசிச் சூடு. நடுவில் இருக்கும் சந்து கார்த்திகை 10-லிருந்து 20 வரை. உயரமான பாரும் வடிகாலும் இருந்தால் மட்டுமே அந்தச் சந்தில் நுழைய முடியும். மண் வேலை இரவைக் குளிர்விக்காது, ஆனால் குளிர்ந்த இரவுகள் இருக்கும்போது செடியைத் தயாராக நிறுத்த அது இல்லாமல் முடியாது.

இதைச் சரிபார்க்க 2024-ல் ஒரே ஒரு சென்ட் மட்டும், வேறு பாத்தியில், நவம்பர் 28-ம் தேதி நட்டோம். டிசம்பர் நடுவில் பெருமழை வந்தது. பார் கரையவில்லை, தண்ணீர் ஓடையில் போனது. போட்டது 14 கிலோ, எடுத்தது 62. மூன்று மடங்கு நாலரை மடங்கு ஆனது. ஒரு சென்டை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. ஆனால் மூக்கு முளைத்த கிழங்கு அதில் இரண்டோ மூன்றோதான் இருந்தது.

கணக்கு

இரண்டாம் நடவின் கோலிகுண்டுக் கிழங்கை என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, காரைக்குடியில் மெஸ் நடத்தும் தெரிந்தவர் ஒருவர் வந்து நாற்பது கிலோவை அள்ளிக்கொண்டு போனார். தோலோடு வேகவைத்து, சோம்பும் மிளகும் அரைத்துப் பிரட்டி வறுவல் போட அந்த அளவுதான் வேண்டுமாம். பெரிய கிழங்கைவிடக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் கொடுத்தார். நாங்கள் குறையென்று எழுதிவைத்ததற்கு அதிக விலை. இதை வெற்றி என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லோரும் போட்டால் அந்த மெஸ் எவ்வளவு வாங்கும்?

உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருந்தது. 40 சென்டை நாலு பத்தாகப் பிரித்தாயிற்று. ஒரு பத்தில் கேழ்வரகும் சோளமும், ஒன்றில் உளுந்தும் நிலக்கடலையும், ஒன்றில் வெங்காயம், கொத்தவரை, கீரை. நாலாவது பத்துதான் கத்தரி வம்சத்துக்கு. வருடா வருடம் ஒரு கட்டம் நகரும், ஒரு பத்துக்கு அந்த வம்சம் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் திரும்பும். இந்த ஏற்பாட்டில் உருளை கூடுதல் பயிராக வர வழியே இல்லை. அது உட்கார வேண்டுமானால் மிளகாய் எழுந்திருக்க வேண்டும். மூன்று வருடமும் நாங்கள் உருளை வருமா வராதா என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். மிளகாய்க்குப் பதிலாக உருளை கட்டுமா என்று கேட்டிருந்தால் முதல் நாளே பாதிப் பேச்சு முடிந்திருக்கும்.

"மொளகாயக் காயவச்சு ஒரு வருசம் வீட்டுல வச்சு விக்கலாம்," என்றார் அண்ணன். "உருளை சீக்கிரமே முளைச்சிரும். வெதை வேற வருசா வருசம் வடக்கேருந்து வரணும்." நம் ஊர்ச் சூட்டில் விதைக்கிழங்கைக் குளிர்பதனம் இல்லாமல் அடுத்த கார்த்திகை வரை வைக்க முடியாது என்பதை அவர் யாரும் சொல்லாமலே பிடித்துவிட்டார்.

இப்போது நாலாவது பத்தில் எட்டுச் சென்ட் மிளகாய், இரண்டு சென்ட் உருளை. வீட்டுக்கும் மெஸ்ஸுக்கும் அது போதும் என்கிறார். போன ஆனியில் நான் போனபோது வரப்பில் சுண்டையும் இல்லை, மணத்தக்காளியும் இல்லை. பின்கட்டில் அண்ணி உருளை ஊன்றிய அதே சிமெண்டுத் தொட்டியில் மணத்தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. தொட்டியின் தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு அடியில், கொல்லைப் பக்கம் ஒரு சொட்டும் போகாதபடி, ஒரு பழைய ஈயச் சட்டி வைத்திருந்தார் அப்பத்தா.